ஒரே இரவில் மூன்று அருளடையாளங்கள்: தென் கெடாவின் தோட்டப் பங்குகளில் பாஸ்கா திருவிழிப்பு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) வேலை நாள். அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால், பெரிய வெள்ளிக்கு விடுப்புக் கேட்டு அலைய வேண்டியதில்லை. ஆனால் ஞாயிறு காலையில் அரசுப் பள்ளிகளில் வழக்கம்போல மணி அடித்துவிடும். பெரிய வெள்ளியைப் பொது விடுமுறையாக அறிவித்திருப்பவை சபா, சரவாக் மாநிலங்கள் மட்டுமே. ஆகவே கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்டப் பட்டணங்களில், கத்தோலிக்கக் குடும்பங்கள் எப்பாடுபட்டும் வந்து கூடும் வழிபாடு, உயிர்ப்பு விழாவை எதிர்நோக்கிச் சனிக்கிழமை இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்புதான். பெரியவர்களாக வளர்ந்தபின் கிறிஸ்துவை நாடி வந்தவர்கள் திருமுழுக்கு (ஞானஸ்நானம்), உறுதிப்பூசுதல் (எண்ணெய் பூசி நம்பிக்கையில் உறுதிப்படுத்துவது), நற்கருணை (திருப்பந்தியின் அப்பமும் இரசமும்) என்ற மூன்று அருளடையாளங்களையும் ஒருசேரப் பெறுவதும் அந்த இரவில்தான்.

வழிபாடு முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் பரிமாறும்போது, ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வி எழும். "எங்கள் பிள்ளை குழந்தையிலேயே திருமுழுக்குப் பெற்றான். மறைக்கல்வி வகுப்புக்கு ஆண்டுக்கணக்கில் போய்ப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினான். உறுதிப்பூசுதலுக்கு இடைநிலைப்பள்ளி வயதுவரை காத்திருக்கச் சொல்கிறீர்கள். போன வருடம் வந்த அந்தப் பத்து வயதுப் பையனுக்கு மட்டும் மூன்றையும் ஒரே இரவில் எப்படிக் கொடுத்தீர்கள்?" இது பொறாமையில் பிறந்த கேள்வி என்று ஒதுக்கிவிடக் கூடாது. திருச்சபையின் வரலாற்றில் ஒரு முக்கியமான முடிச்சைத்தான் அந்தப் பெற்றோர் தொட்டுவிடுகிறார்கள்.

விசித்திரம் உண்மையில் நம் வழக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பையனுக்கு நடந்ததே பழைய முறை. முதல் நூற்றாண்டுகளில் மூன்றும் ஒரே சடங்கின் மூன்று படிகளாக இருந்தன. தண்ணீரில் இறங்கி எழுந்தவர் மீது எண்ணெய் பூசப்பட்டது. உடனே அவர் திருப்பந்தியில் அமர்ந்தார். 387ஆம் ஆண்டு மிலான் நகரில், ஆயர் அம்புரோசு பாஸ்கா இரவில் அகுஸ்தீனுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, அகுஸ்தீனின் மகன் அதெயோதாத்துவும் நண்பர் அலிப்பியுவும் கூடவே பெற்றார்கள். மகனுக்கு அப்போது பதினைந்து வயதளவில்தான் இருக்கும். கிழக்கத்தியத் திருச்சபைகள் இன்றும் கைக்குழந்தைக்கே மூன்றையும் சேர்த்து அளிக்கின்றன.

மேற்கில் இவை பிரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தூரம். கிறிஸ்தவம் நகரங்களைத் தாண்டிக் கிராமங்களுக்குப் பரவியபோது, ஒவ்வொரு திருமுழுக்குக்கும் ஆயரால் போய்ச் சேர முடியவில்லை. குரு தண்ணீர் ஊற்றினார். எண்ணெய் பூசுதல் ஆயர் வரும் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், புரிந்துகொள்ளும் வயது வந்த பிள்ளைகளுக்கு, அதாவது ஏழு வயதளவிலேயே, நற்கருணை தரலாம் என்றார். அதற்கு முன் பல நாடுகளில் பன்னிரண்டு, பதினான்கு வயது வரை காக்க வைத்திருந்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அதனால் பல இடங்களில் புதுநன்மை முந்திக்கொண்டது. உறுதிப்பூசுதல் கடைசிக்குப் போய்விட்டது. பழைய வரிசை தலைகீழானது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பெரியவர்களைப் படிப்படியாக ஆயத்தப்படுத்தும் பழைய முறையை மீட்க ஆணையிட்டது. அதன்படி 1972இல் பெரியவர்களுக்கான புகுமுகச் சடங்கு நூல் வந்தது. நம் பங்குகளில், அதாவது கோயில் சமூகங்களில், எல்லாரும் ஆர்.சி.ஐ.ஏ. என்று சொல்வது இதைத்தான். இரவே கூட அதற்குச் சற்று முன்புதான் மீட்கப்பட்டிருந்தது. பல நூற்றாண்டுகளாகப் பாஸ்கா திருவிழிப்பு சனிக்கிழமை காலையிலேயே, சூரிய வெளிச்சத்தில், ஒருசிலர் முன்னிலையில் நடந்துவந்தது. அதை 1951இல் பன்னிரண்டாம் பயஸ் சோதனை முறையில் மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். 1956 முதல் அது உலகெங்கும் நடைமுறையானது.

அந்தப் பத்து வயதுப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 852ஆம் விதிப்படி, புரிந்துகொள்ளும் வயதை எட்டிவிட்டவர் திருமுழுக்கைப் பொறுத்தவரை பெரியவராகவே கருதப்படுகிறார். பெரியவருக்குத் திருமுழுக்கு அளிக்கும் குருவுக்கு அந்த வேளையிலேயே உறுதிப்பூசுதல் அளிக்கும் அதிகாரத்தை 883ஆம் விதி தருகிறது. அந்த அதிகாரம் உள்ளவர் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று 885ஆம் விதி கட்டாயப்படுத்துகிறது. "சின்னப் பையன்தானே, பிறகு ஆயர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பங்குத்தந்தை ஒத்திப்போட முடியாது. ஆயர் அந்த இரவில் இல்லையே என்ற குறையும் வேண்டாம். பூசப்படும் கிறிஸ்மா எண்ணெய் அந்தப் பாஸ்காவை ஒட்டி ஆயர் தம் குருக்களுடன் கூடி அர்ச்சித்தது. எங்களுக்கு அது பினாங்கு மறைமாவட்டத்து ஆயரின் கையிலிருந்து வருகிறது.

குழந்தையிலேயே திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகளின் பெற்றோரிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். சொன்னால் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். தங்கள் பிள்ளையின் உறுதிப்பூசுதல் வகுப்பைப் பள்ளிப் பரீட்சை போலப் பார்த்தது சரிதானா என்று தாமே யோசிக்கவும் தொடங்குகிறார்கள்.

பெரியவர்களுக்கான இந்தப் புகுமுகச் சடங்கு நம் தோட்டங்களுக்குப் புதிது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் முன்னோரில் கத்தோலிக்கர்கள் கப்பலேறும்போதே கத்தோலிக்கர்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒரே ஊரிலிருந்து, ஒரே உறவுக்குள்ளிருந்து ஆள் சேர்த்ததால், ஊர்ப் புனிதரும் கூடவே வந்தார். தமிழ் கற்ற பிரெஞ்சுக் குருக்கள் அவர்களுக்குப் பணி செய்தார்கள். அவர்களில் ரெனே ஃபே என்ற பாரிஸ் மறைபரப்புச் சபைக் குரு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட பேராவின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றம் ஒன்றை உருவாக்கினார். பின்னர் 1896இல் மலாக்கா ஆயரானார். தோட்டங்களில் சிறு சிற்றாலயம், உபதேசியார், எப்போதாவது வரும் குரு. சாமியார் வரும் நாள்தான் திருமுழுக்கு நாள். பாஸ்கா இரவுக்கும் திருமுழுக்குக்கும் உள்ள உறவை அனுபவமாக அறியும் வாய்ப்பே அன்றைய தோட்ட மக்களுக்குக் கிடைக்கவில்லை. நம்பிக்கை அந்த மக்களுக்கு லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், காற்றோடு கலந்திருந்தது. அதைக் கற்றுக்கொடுக்கத் தனிக் குழு தேவைப்படவில்லை.

இன்று அந்த லயங்கள் இல்லை. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டது, பிறகு செம்பனையையும் அகற்றித் தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதியும் எழுந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நடந்தன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டபின், தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். ஒரே வரிசையில் வாழ்ந்த பத்துக் குடும்பங்கள் இன்று பத்துத் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், இருக்கின்றன. மறைக்கல்வி பெற வருகிறவர்களும் இப்படிச் சிதறிய வாழ்க்கையிலிருந்துதான் வருகிறார்கள். கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டியவர், வேலையிடத்து நண்பர் அழைத்து வந்தவர், நோயில் யாரோ செபித்ததை மறக்காதவர், பிள்ளையை மறைக்கல்விக்கு விட வந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்த அம்மா.

அவர்கள் நடக்கும் பாதை நீண்டது. முதலில் கேள்வி கேட்கும் காலம். இதற்குக் கெடு எதுவும் இல்லை. பிறகு கோயில் வாசலில் வரவேற்று, நெற்றியில் சிலுவை வரைந்து ஏற்றுக்கொள்ளும் சடங்கு. அதுமுதல் அவர்கள் ஆயத்த நிலையினர். திருமுழுக்குக்கு முன் இறக்க நேர்ந்தால் கிறிஸ்தவ அடக்கம் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆயர் அவர்களைத் தேர்ந்துகொள்ளும் சடங்கில், அவர்கள் பெயர்கள் ஏட்டில் பதிவாகின்றன. மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் அவர்களுக்காகச் சிறப்பு மன்றாட்டுச் சடங்குகள். அப்போது வாசிக்கப்படும் யோவான் நற்செய்திப் பகுதிகளை அவர்கள் கேட்பதைப் பார்க்க வேண்டும். கிணற்றடியில் சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், கல்லறையிலிருந்து அழைக்கப்பட்ட இலாசர். தவறணையை (மதுக்கடையை) விட்டு மீண்ட ஒரு மனிதர் இலாசரின் கதையைக் கேட்கும்போது, அது அவருக்கு விளக்கவுரை தேவைப்படாத வாசகம்.

ஒரு நடைமுறை மட்டும் நம் மக்களுக்குச் சங்கடம் தருகிறது. மறையுரை முடிந்ததும் ஆயத்த நிலையினரை ஆசீர் அளித்து வெளியே அனுப்பச் சொல்கிறது சடங்கு நூல். நற்கருணை விருந்து அவர்களுக்கு இன்னும் உரியதாகவில்லை. பந்தி போடும் நேரத்தில் வந்தவரை எழுப்பி அனுப்புவதா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனாலேயே அதை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. விடக் கூடாது என்பேன். அவர்களோடு ஒரு மறைக்கல்வி ஆசிரியர் எழுந்து போய், அன்றைய வாசகத்தை அடுத்த அறையில் அமர்ந்து பேசினால், அந்த அரை மணி நேரத்தில்தான் அவர்கள் மனம் திறக்கிறார்கள். பசி வளர்வதும் அங்கேதான்.

மன்றாட்டுச் சடங்குகளைவிடக் கடினமானவை வீட்டில் நடக்கும் உரையாடல்கள். இதைப் பற்றி நம் பங்குகள் வெளிப்படையாகப் பேசுவது போதாது. மகன் இந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை என்றால் தாயின் முதல் கேள்வி, "எனக்கு யார் கொள்ளி வைப்பது?" இதைச் சிரித்து மழுப்புவது பாவம். தாய் தந்தையை மதிக்கும் கட்டளையைத் திருமுழுக்கு ரத்து செய்வதில்லை. பெற்றோரை இறுதிவரை பார்த்துக்கொள்வதும் கண்ணியமாக வழியனுப்புவதும் கிறிஸ்தவனின் கடமை. எந்தச் சடங்கில் எதுவரை நிற்கலாம் என்பதைப் பங்குத்தந்தை, மகன், முடிந்தால் அந்தத் தாய் ஆகியோர் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். சாவு வீட்டில் வைத்து முடிவெடுக்கும் விஷயம் அது இல்லை.

பெயர் மாற வேண்டுமா என்பது அடுத்த அச்சம். கட்டாயம் இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது என்று மட்டுமே 855ஆம் விதி கேட்கிறது. முருகேசன் முருகேசனாகவே திருமுழுக்குப் பெறலாமா என்பதை அவரும் பங்குத்தந்தையும் பேசி முடிவு செய்யட்டும். அடையாள அட்டையில் ஒரு எழுத்தும் மாற வேண்டியதில்லை.

உடை இன்னும் நுட்பமானது. திருமுழுக்குப் பெற்றவர் வெள்ளாடை அணிகிறார். அது கிறிஸ்துவை அணிந்துகொண்டதன் அடையாளம். ஆனால் கழுத்தில் தாலியோடு இருக்கும் மகள் வெள்ளைச் சேலையில் பீடத்தின் முன் நிற்பதைக் காணும் தாய்க்கு வயிறு கலங்கும். நம் வீடுகளில் வெள்ளைச் சேலைக்கு வேறு பொருள். சடங்கு நூலே இதற்கு வழி வைத்திருக்கிறது: வட்டார வழக்கத்துக்கு ஏற்ற வேறு நிறத்தையும் அது அனுமதிக்கிறது. நிறச் சேலைக்கு மேல் வெள்ளைத் துண்டோ மேலாடையோ போர்த்தினாலும் போதும். கரை வைத்த சந்தன நிறச் சேலை கட்டச் சொல்வது என் பரிந்துரை. அந்தத் தாய் அடுத்த ஆண்டும் கோயிலுக்கு வந்து பின் வரிசையில் உட்காருவாரா என்பது இத்தகைய சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

திருமணப் பதிவும் உண்டு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தம்பதியர் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். கத்தோலிக்கப் பெண் திருச்சபைக்கு வெளியே மணம் முடித்திருந்தால், கணவரின் திருமுழுக்குக்கு முன் அதைச் சீர்செய்தாக வேண்டும். தவக்காலத்தில் இதைக் கண்டுபிடித்தால் எல்லாருக்கும் மனவேதனை. முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. அதேபோல், 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் முடிவு செய்வதாகக் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளை எவ்வளவு ஆசைப்பட்டாலும் தாய், தந்தை இருவரின் சம்மதமும் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே மெதடிஸ்ட் அல்லது லூத்தரன் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர்கள் வந்தால், அவர்களுக்கு மீண்டும் தண்ணீர் ஊற்றப்படுவதில்லை. திருமுழுக்கு ஒருமுறைதான். அவர்கள் நம்பிக்கையை அறிக்கையிட்டு, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெறுகிறார்கள். அதற்கு முன் ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்) பெறுவார்கள். புதிதாகத் திருமுழுக்குப் பெறுவோருக்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை, தண்ணீரே எல்லாவற்றையும் கழுவிவிடுகிறது.

இத்தனையும் கடந்து வந்து சேரும் இரவு பெரும்பாலான ஆண்டுகளில் பங்குனி உத்திரத்துக்கு அருகில் அமைகிறது. இரண்டுமே முழுநிலவை ஒட்டி வரும் நாள்கள். 2024இல் மார்ச் 25 திங்களன்று பங்குனி உத்திரம்; அதே வாரம் சனி இரவு பாஸ்கா திருவிழிப்பு. ஒரே வீட்டில் அண்ணன் காவடிக்கு விரதம், தம்பி பெரிய வெள்ளி உண்ணாநோன்பு. அந்த வீடுகளில் சமையற்கட்டு அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் மரியாதை தருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கோயிலில் ஒரு திருவிழிப்புதான் நடத்தலாம் என்பது விதி. மற்ற ஞாயிறுகளில் தமிழ், ஆங்கிலம், மாண்டரின், மலாய் என்று தனித்தனிப் பூசைகளுக்குப் பிரிந்து போகிறவர்கள் அன்று ஒரே கூரையின்கீழ் வந்தாக வேண்டும். இருளில் வெளியே புது நெருப்பு மூட்டப்படுகிறது. பாஸ்கா திரியில் சிலுவையும் ஆண்டின் நான்கு எண்களும் பொறிக்கப்படுகின்றன. "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று மூன்று முறை பாடி உள்ளே நடக்கிறார்கள். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. நேரம் கருதிக் குறைத்தாலும் மூன்றுக்குக் குறையக் கூடாது, செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரத்தை ஒருபோதும் விடக் கூடாது. அந்த வாசகத்தைத் தமிழில் வையுங்கள் என்று பங்குப் பேரவையில் கேட்டுப் பெற வேண்டும். கடல் தாண்டி ஒப்பந்தத்துக்கு வேலை செய்ய வந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அதைத் தங்கள் மொழியில் கேட்டபின் திருமுழுக்குத் தொட்டிக்குப் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிறகு புனிதர்களின் மன்றாட்டுமாலை, பாஸ்கா திரியைத் தண்ணீரில் இறக்கி நீரை ஆசீர்வதித்தல், அலகையை விலக்கி நம்பிக்கையை அறிக்கையிடுதல், மும்முறை நீர், வெள்ளாடை, திரி, எண்ணெய், இறுதியாக அப்பமும் இரசமும்.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பதுதான் நம் பங்குகளின் பெரிய பலவீனம். உயிர்ப்புக் காலத்தின் ஐம்பது நாளும், பெந்தகோஸ்து வரை, பெற்றதன் பொருளை உணர்த்தும் காலம் என்று சடங்கு நூல் சொல்கிறது. நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், அருளடையாளங்களின் விளக்கத்தைப் பாஸ்காவுக்குப் பிறகே சொல்லிக்கொடுத்தார். பட்டறிந்தபின் கேட்பதற்குத் தனி ஆழம் உண்டு. இங்கோ, திருவிழிப்புக்கு அடுத்த வாரம் குழு கலைந்துவிடுகிறது. ஆசிரியர்கள் களைத்திருக்கிறார்கள், புதியவர் இரவு ஷிப்டுக்குத் திரும்புகிறார், ஓராண்டுக்குள் பலர் கண்ணில் படுவதில்லை.

இதற்கு மருந்து, திருமுழுக்கில் துணை நிற்கும் ஞானப்பெற்றோரின் தேர்விலேயே தொடங்க வேண்டும். பதினாறு வயது நிறைந்து, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று, நம்பிக்கையில் வாழ்பவராக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. நாம் கூடுதலாகப் பார்ப்பது பெரும்பாலும் மரியாதை, வசதி, சொந்தம். பினாங்கில் இருக்கும் வசதியான மாமாவைவிட, அதே தாமானில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா மேல். ஞாயிறு காலையில் "கிளம்பியாச்சா?" என்று கேட்டுக் காரில் ஏற்றிக்கொள்ளக்கூடியவர்தான் ஞானத்தாய்.

அடுத்தது அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு; பலர் பி.இ.சி. என்று சொல்வது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கில் ஒரு மாதம் கூடி, சிறு அண்டைச் சமூகங்களைத் திருச்சபையின் அடித்தளமாக்குவது என்று முடிவெடுத்தார்கள். லயங்கள் கலையத் தொடங்கியிருந்த காலத்தில் அது தொலைநோக்குள்ள முடிவு. லயம் தானாகவே தந்த அண்டை உறவை இனி நாமே முயன்று கட்டியாக வேண்டும். ஆயத்த நிலையினரை முதல் மாதத்திலேயே அவரவர் அன்பியத்தில் சேர்க்க வேண்டும். வகுப்பின் சில அமர்வுகளை அந்த வீடுகளிலேயே நடத்த வேண்டும். பாஸ்கா இரவில் அவர் பெயரை அழைக்கும்போது, பின்னால் எழுந்து நிற்பவர்கள் ஏற்கெனவே அவர் வீட்டில் சாப்பிட்டவர்களாக இருப்பார்கள்.

பெந்தகோஸ்து முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கான விசாரிப்புக் குழுவைத் தொடங்குவது நல்ல நேரம். அதில் ஆசிரியரின் பக்கத்தில் உட்கார வேண்டியவர்கள், அந்த ஆண்டு பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றவர்களே. கொள்ளி பற்றிய கேள்வியும் வெள்ளைச் சேலைக் கலக்கமும் அவர்களுக்குத் தெரியும். தாயிடம் எப்படிப் பேசினார்கள், தாய் என்ன சொன்னார் என்பதை அவர்களால் சொல்ல முடியும்.